தலைமையாசிரியரின் சுற்றறிக்கை: பெற்றோரும் காப்பாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொடக்கப் பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை பெரும்பாலும் ஒரு பக்கம்தான். "காய்ச்சல் இருந்தால் அனுப்ப வேண்டாம்", "பொருட்களில் பெயர் எழுதவும்", "வேறு ஆள் அழைக்க வந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்" என்று வரிசையாகக் கட்டளைகள் இருக்கும். ஏன் என்று சொல்ல அதில் இடம் இருக்காது. காரணம் தெரியாத விதியை யாரும் மனமுவந்து பின்பற்றுவதில்லை. அந்தக் காரணங்களைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறோம். அப்பா, அம்மாவுக்கு மட்டுமல்ல. காலையில் குழந்தையைக் கிளப்பி அனுப்பும் தாத்தா, பாட்டி, சித்தி, மாமா, வளர்ப்புப் பெற்றோர் எல்லோருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். நோய்களுக்குச் சொல்லியிருக்கும் நாட்கணக்கு பொதுவான மருத்துவ நடைமுறை. உங்கள் பள்ளியோ மருத்துவரோ வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

சுற்றறிக்கையை வரிவரியாகப் படிக்க நேரமில்லை. எதையாவது மட்டும் பார்த்தால் போதுமா?

மூன்றைத் தேடுங்கள்: தேதி, கையெழுத்து, கொண்டுவர வேண்டிய பொருள். படித்த கையோடு தேதியைக் கைபேசி நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள். நினைவூட்டலை அன்று காலைக்கு வைக்காமல் முந்தைய நாள் மாலைக்கு வையுங்கள். காலி அட்டைப்பெட்டி ஒன்று, பழைய சட்டை ஒன்று என்று கேட்டிருந்தால், கிளம்புகிற நேரத்தில் தேடினால் கிடைக்காது.

ஒப்புதல் சீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எழுத்தில் சம்மதம் இல்லாமல் ஒரு குழந்தையைப் பள்ளிக்கு வெளியே அழைத்துப்போக ஆசிரியரால் முடியாது. வண்டி கிளம்பும்போது தொலைபேசியில் "பரவாயில்லை, கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னாலும் பல பள்ளிகள் ஏற்பதில்லை. அவசர எண், ஒவ்வாமை விவரம், சிகிச்சைக்கான சம்மதம் எல்லாம் அந்தச் சீட்டில்தான் இருக்கின்றன. அது இல்லாமல் போய் ஏதாவது நடந்தால் ஆசிரியர் கையில் ஒரு தகவலும் இருக்காது.

குழந்தை இரண்டு வீடுகளில் மாறி மாறி வளர்ந்தால், சுற்றறிக்கை இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக வர வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொள்வார் என்று விட்டால், பாதி செய்தி குழந்தையின் பைக்குள்ளேயே கசங்கிக் கிடக்கும்.

குழந்தை வராத நாளில் எப்போது, யாரிடம், என்ன சொல்ல வேண்டும்?

வருகைப் பதிவேடு எடுப்பதற்கு முன்பு, பள்ளி அலுவலகத்தில். வகுப்பாசிரியரின் கைபேசிக்கு அனுப்பினால் அவர் அதை இடைவேளையில்தான் பார்ப்பார். பதிவேட்டில் "வரவில்லை" என்று விழுந்து, தகவலும் இல்லையென்றால், குழந்தை வீட்டில் படுத்திருக்கிறதா, கிளம்பி வரும் வழியில் ஏதாவது ஆகிவிட்டதா என்று பள்ளிக்குத் தெரியாது. அலுவலகத்திலிருந்து உடனே அழைப்பது இதற்காகத்தான். கேள்வி கேட்டுக் குடைவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செய்தியில் இவை இருக்கட்டும்: முழுப் பெயர், வகுப்பும் பிரிவும், என்ன உபாதை, எப்போது தொடங்கியது, எப்போது வரக்கூடும். "உடம்பு சரியில்லை" என்பது போதாது. "நேற்று இரவு 10 மணிக்கு மேல் இரண்டு தடவை வாந்தி" என்று எழுதினால் அதை வைத்து வேலை செய்ய முடியும். ஒரே வகுப்பில் மூன்று பேருக்கு வாந்தி என்று தெரிந்தால் அன்றே மேசை, கைப்பிடி, கழிப்பறை எல்லாவற்றையும் கிருமிநாசினியால் துடைத்து, மற்ற வீடுகளையும் எச்சரிக்கலாம். மூன்று பேரும் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த வாரம் வகுப்பில் பாதி காலியாகும்.

இரண்டாம் நாளும் வரவில்லை என்றால் மறுபடி சொல்லுங்கள். முதல் நாள் தகவல் இரண்டாம் நாளுக்குத் தானாகச் செல்லாது.

காய்ச்சல் காலையில் இல்லை. அனுப்பலாமா?

மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம். முக்கியமான சொல் "மருந்து கொடுக்காமலே" என்பதுதான். பாராசிட்டமாலின் வேலை சுமார் 4 முதல் 6 மணி நேரம். காலை 7 மணிக்குக் கொடுத்து அனுப்பினால் முதல் இடைவேளை வரை குழந்தை ஓடியாடும்; 11 மணி தாண்டியதும் கன்னம் சிவந்து மேசையில் தலை சாய்த்துவிடும். அதற்குள் பக்கத்தில் இருந்த குழந்தைகளுக்கும் தொற்றியிருக்கும்.

வாந்தி, வயிற்றுப்போக்குக்குக் கணக்கு வேறு: கடைசியாக ஆனதிலிருந்து 48 மணி நேரம். செவ்வாய் மாலை 4 மணிக்குக் கடைசியாக வாந்தி எடுத்திருந்தால் வியாழன் மாலை 4 மணிக்குத்தான் அது முடிகிறது. ஆக, வெள்ளிக்கிழமை அனுப்புங்கள். குழந்தை புதன்கிழமையே நன்றாகச் சாப்பிட்டு விளையாடும். ஆனால் கிருமி இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். இந்த விஷயத்தில் கை ஜெல்லை நம்பாதீர்கள். பள்ளிகளில் பரவும் நோரோ வைரஸ் ஆல்கஹால் ஜெல்லுக்கு எளிதில் சாவதில்லை. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 20 விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் வழி.

வெறும் சளி, லேசான இருமல், காய்ச்சல் இல்லை, சாப்பாடு இறங்குகிறது என்றால் அனுப்பலாம். மூக்கு ஒழுகும் ஒவ்வொரு நாளும் வீட்டில் வைத்தால் ஆண்டில் பாதி போய்விடும்.

அம்மை, பொன்னுக்கு வீங்கி, கண்வலி வந்தால் எத்தனை நாள்?

சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை. பொதுவாகத் தடிப்பு தோன்றியதிலிருந்து 5 நாளாவது ஆகும். ஒரே ஒரு கொப்புளம் ஈரமாக இருந்தாலும் காத்திருங்கள். தட்டம்மை என்றால் தடிப்பு வந்த நாளுக்குப் பிறகு 4 முழு நாட்கள். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாட்கள். மஞ்சள் பொருக்குக் கட்டும் தோல் புண்ணுக்கு, புண் காயும் வரை அல்லது ஆன்டிபயாட்டிக் தொடங்கி 48 மணி நேரம்.

கை, கால், வாய்ப் புண் நோயில், காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறி, குழந்தை தெம்பாக இருந்தால் வரலாம். அந்த வைரஸ் மலத்தில் பல வாரம் இருக்கும். அத்தனை வாரமும் வீட்டில் வைக்க முடியாது. எனவே கழிப்பறைக்குப் போய்வந்ததும் கை கழுவுவதைத்தான் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கண் சிவந்து பீளை கட்டினால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, பள்ளியிடமும் கேளுங்கள். இதில் பள்ளிக்குப் பள்ளி விதி மாறும்.

அம்மை என்று தெரிந்த அன்றே பள்ளிக்குச் சொல்லுங்கள். குணமாகி வரும்போது சொன்னால் காலம் கடந்துவிடும். அதே வகுப்பில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தையோ, கருவுற்ற ஆசிரியையோ இருக்கலாம். அவர்களுக்குக் கொடுக்கும் தடுப்புச் சிகிச்சை தொற்று பட்ட சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலிக்கும். சின்னம்மை, தடிப்பு தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும் என்பதால், உங்கள் குழந்தை நேற்று வகுப்பில் இருந்ததா என்பதும் தேவையான தகவல். இன்னொன்று: அம்மைக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிதான, ஆபத்தான ரே நோய்க்குறியோடு அதற்குத் தொடர்பு உண்டு. இபுப்ரூஃபனையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

"வகுப்பில் பேன் காணப்பட்டது" என்று செய்தி வந்திருக்கிறது. யாருக்கு என்று ஏன் சொல்வதில்லை?

சொல்லிப் பயன் இல்லை. ஒரு குழந்தையை ஒதுக்கிவைப்பதுதான் மிஞ்சும். பேன் சுத்தமான தலை, அழுக்குத் தலை என்று பார்ப்பதில்லை. அது குதிக்காது, பறக்காது. தலையும் தலையும் உரசும்போது ஊர்ந்து மாறும். சின்னக் குழந்தைகள் தலையை ஒட்டிவைத்துக்கொண்டுதான் படம் பார்க்கிறார்கள், விளையாடுகிறார்கள். யாரிடமிருந்து வந்தது என்று தேடுவதற்குள் எல்லோர் தலையையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

பார்க்கும் முறை இதுதான். தலைக்குக் குளித்ததும் ஈரமான முடியில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுங்கள். பிறகு பற்களுக்கு நடுவே 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாத பேன் சீப்பை எடுத்து, உச்சந்தலைத் தோலைத் தொட்டபடி வேரிலிருந்து நுனி வரை இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் பின் சீப்பை வெள்ளைத் தாளில் துடைத்துப் பாருங்கள். எள்ளளவில் பழுப்பாக ஏதாவது நகர்ந்தால் பேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கூடுதலாகப் பாருங்கள். அங்கேதான் அதிகம் இருக்கும். நீளமான முடிக்கு அரை மணி நேரமாவது ஆகும். அதை 10 நிமிடத்தில் முடித்தால் பாதி தப்பிவிடும்.

ஒரு தடவை வாரிவிட்டு நிறுத்துவதால்தான் "எத்தனை முறை எடுத்தாலும் மறுபடி வருகிறது" என்ற அலுப்பு வருகிறது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். சீப்பு பேனை எடுக்கும், ஒட்டியிருக்கும் ஈரை முழுதாக எடுக்காது. அதனால் 1, 5, 9, 13 ஆகிய நாட்களில் வாருங்கள். புதிதாகப் பொரிந்தவை முட்டையிடும் பருவத்தை எட்டுவதற்குள் சீப்பில் சிக்கிவிடும். 17-ஆம் நாள் ஒருமுறை பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் முடிந்தது. நடுவில் எந்த நாளிலாவது பெரிய பேன் அகப்பட்டால் அது வெளியிலிருந்து புதிதாக வந்தது என்று கொண்டு, கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

பேன் மருந்து வாங்கினால் உறையில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுமுறை பூசுங்கள். பேன் கண்ணால் பார்க்காத தலைக்கு முன்னெச்சரிக்கையாகப் பூச வேண்டாம். மண்ணெண்ணெய், பூச்சிக்கொல்லி எதையும் தலையில் தடவவே கூடாது. தீக்காயமும் நச்சும் வரும். தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. வீட்டை மொத்தமாகக் கவிழ்த்துச் சுத்தம் செய்யத் தேவையில்லை. பேனுக்காகப் பள்ளிக்கு விடுப்பு எடுக்கவும் தேவையில்லை.

இரவில் ஆசனவாயில் அரிப்பு என்று அழுகிறாள். இதையும் பள்ளிக்குச் சொல்ல வேண்டுமா?

கீரிப்பூச்சியாக இருக்கலாம். விடுப்புத் தேவையில்லை. மருந்தை அறிகுறி இல்லாதவர்கள் உட்பட வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட்டு, 2 வாரம் கழித்து மறுமுறை சாப்பிட வேண்டும். கைக்குழந்தைக்கும் கருவுற்றவர்களுக்கும் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, காலையில் எழுந்ததும் குளிப்பாட்டுங்கள். முட்டைகள் இரவில்தான் இடப்படுகின்றன.

மருந்தைப் பையில் வைத்து அனுப்பிவிடலாமா?

கூடாது. மாத்திரை மிட்டாய் மாதிரி இருக்கும். பக்கத்துக் குழந்தையும் எடுத்து வாயில் போடும். பெரியவர் ஒருவர் நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மருந்து அதன் சொந்த உறையில், குழந்தையின் பெயர், அளவு, நேரம் எழுதிய ஒட்டுச்சீட்டோடு இருக்க வேண்டும். திரவ மருந்தென்றால் அளவு குறித்த ஊசியில்லாச் சிரிஞ்சையும் கொடுங்கள். "ஒரு ஸ்பூன்" என்பது ஸ்பூனுக்கு ஸ்பூன் மாறும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: பள்ளி நேரத்தில் அந்த மருந்து தேவைதானா? நாளுக்கு மூன்று வேளை ஆன்டிபயாட்டிக்கைக் காலை கிளம்பும் முன், பள்ளி விட்டதும், படுக்கும் முன் என்று கொடுக்க முடியுமா என்று மருத்துவரையே கேளுங்கள். பெரும்பாலும் முடியும்.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இன்ஹேலர் பள்ளியில் எப்போதும் இருக்க வேண்டும், ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டி மருந்தை உள்ளிழுக்க உதவும் பிளாஸ்டிக் குழாய்). இதில் அடிக்கடி நடக்கும் பிசகு காலியான டப்பா. பல நிவாரண இன்ஹேலர்களில் 200 அழுத்தல் இருக்கும். எண்ணிக்கை காட்டும் முகப்பு எல்லாவற்றிலும் இருக்காது. குலுக்கிப் பார்த்து "இன்னும் இருக்கிறது" என்று முடிவு செய்ய முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் உந்து வாயு உள்ளே சலசலக்கும். எனவே தொடங்கிய தேதியை டப்பாவிலேயே எழுதி, பருவத்துக்கு ஒரு முறை பள்ளியில் இருப்பதைச் சரிபாருங்கள். ஸ்பேசரை மாதம் ஒரு முறை சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்சுவரில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து நுரையீரலுக்குப் போகாமல் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் பேனா ஊசி எழுதித் தந்திருந்தால் இரண்டாகக் கொடுங்கள். சில வேளை முதல் ஊசி போதாது. குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், அறை வெப்பமே சரி. காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாக உங்கள் கைபேசியில் நினைவூட்டல் போடுங்கள். தலைமையாசிரியர் சுற்றறிக்கையில் "வேர்க்கடலை கலந்த பண்டம் அனுப்ப வேண்டாம்" என்று எழுதினால், அந்த வகுப்பில் எங்கோ ஒரு பெட்டியில் அந்த ஊசி இருக்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"தலையில் லேசாக அடிபட்டது" என்று சீட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

சீட்டில் நேரம் இருக்கும். அதிலிருந்து 48 மணி நேரம் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம், இரண்டு கண்மணியும் வேறுவேறு அளவு, மூக்கிலோ காதிலோ தெளிவான நீர் வடிதல், வலிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. வழக்கமான நேரத்தில் தூங்க விடலாம். தூக்கம் இயல்பாக இருக்கிறதா, எழுப்பினால் விழிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

6, 7 வயதில் முன்பற்கள் மாறும். விழுந்தது நிலைப்பல்லா பால்பல்லா என்பதில் எல்லாம் இருக்கிறது. பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியில் வளரும் பல் கெடும். நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். தேய்த்துக் கழுவுவதும், துணியில் சுற்றிக் காயவிடுவதும் வேரில் ஒட்டியிருக்கும் உயிருள்ள செல்களைக் கொன்றுவிடும். பள்ளி உடனே உங்களை அழைப்பது இதற்காகத்தான். அந்த அழைப்பை மட்டும் தவறவிடாதீர்கள்.

10 நிமிடம் தாமதமானால் என்ன கெட்டுவிடும்?

ஒரு நாளுக்கு ஒன்றுமில்லை. ஆண்டுக்கு 200 வேலை நாள் என்றால் தினம் 10 நிமிடம் மொத்தம் 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரத்துக்கு மேல். நாளுக்கு 5 மணி நேரப் பாடம் என்று வைத்தால் 6 பள்ளி நாட்களுக்கும் கூடுதல். அதைவிடப் பெரிய இழப்பு, அந்த 10 நிமிடத்தில்தான் அன்று என்ன செய்யப்போகிறோம் என்று ஆசிரியர் சொல்கிறார். தாமதமாக வரும் குழந்தை எல்லோரும் எதையோ செய்துகொண்டிருக்கும் அறைக்குள் நுழைந்து, என்னவென்று கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும்.

வருகை 90 சதவீதம் என்பதும் மதிப்பெண் மாதிரி ஒலித்து ஏமாற்றும். 200 நாளில் 90 சதவீதம் என்றால் 20 நாள் வரவில்லை. 4 வாரப் பாடம் போயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் என்று விட்டாலே அந்தக் கணக்கு வந்துவிடும்.

பை எவ்வளவு கனம் இருக்கலாம்?

குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள். 20 கிலோ குழந்தைக்கு 2 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. பல பைகள் காலியாகவே அரைக் கிலோவுக்கு மேல். புத்தகத்துக்கு மிஞ்சுவது அரைக் கிலோகூட இல்லை. பள்ளியில் நல்ல தண்ணீர் கிடைத்தால் பாட்டிலைக் காலியாகக் கொடுத்து அங்கே நிரப்பச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை பையைக் கவிழ்த்துப் பாருங்கள். கல், உடைந்த பென்சில், போன மாதச் சுற்றறிக்கை எல்லாம் விழும்.

முதல் வகுப்பில் சேரப்போகிறான். எதைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது?

எழுத்தைவிட முன்னதாகக் கையின் வேலை. டிபன் டப்பாவைத் தானே திறந்து மூடுவது, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுவது, கால்சட்டையை இறக்கி ஏற்றுவது, தானே கழுவிக்கொள்வது, வலது இடது செருப்பு தெரிவது. ஒரு வகுப்பில் 30 குழந்தைகள் இருந்து, ஒவ்வொரு டப்பாவையும் ஆசிரியர் திறக்க ஒரு நிமிடம் என்றால் உணவு இடைவேளையே முடிந்துவிடும். கடைசிக் குழந்தை பசியோடு வகுப்புக்குப் போகும். புது டப்பா வாங்கினால், அதைக் குழந்தையிடம் கொடுத்துத் தரையில் உட்காரவைத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நான்கு பக்கமும் கொக்கி உள்ள இறுக்கமான மூடி 5 வயது விரலுக்குப் பெரும்பாலும் வசப்படாது. முதல் மாதங்களுக்கு எலாஸ்டிக் வைத்த கால்சட்டை போதும். பட்டன், பெல்ட், கொக்கி வேண்டாம். மாற்றுடுப்பு ஒரு செட் பையின் அடியில் எப்போதும் இருக்கட்டும்.

பெயரைத் துணியில் அழியாத மையால் உள்பக்கம் எழுதுங்கள். டப்பாவின் மூடியிலும் அடியிலும் இரண்டு இடத்தில் வேண்டும், மூடிகள்தான் மாறிப்போகின்றன. பையின் வெளிப்பக்கம் பெரிய எழுத்தில் பெயர் எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை நம்பிவிடும்.

வாசலில் அழுகிறாள். உள்ளே வந்து கொஞ்ச நேரம் உட்காரலாமா?

வேண்டாம். எப்போதும் ஒரே மாதிரி விடைபெறுங்கள்: ஒரு முத்தம், "பள்ளி விட்டதும் பாட்டி வருவாங்க" என்று ஒரு வாக்கியம், பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள். சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். மறுநாள் கையை விடவே விடாது. அரை மணி கழித்து அலுவலகத்தை அழைத்துக் கேளுங்கள், எப்படி இருக்கிறாள் என்று சொல்வார்கள். வாரக்கணக்கில் ஓயாமல் தொடர்ந்தாலோ, முன்பு சிரித்து வந்த குழந்தை திடீரென்று அழத் தொடங்கினாலோ அதை வழக்கமான அழுகையாக எண்ணாமல் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.

மாலையில் இன்று மட்டும் வேறு ஆளை அனுப்பலாமா?

அனுப்பலாம், முன்கூட்டியே எழுத்தில் சொன்னால். வருபவரின் முழுப் பெயர், உறவு, கைபேசி எண் மூன்றும் வேண்டும். வருபவர் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும். "குழந்தைக்கு அவரைத் தெரியும்" என்பதை ஆசிரியர் ஏற்க மாட்டார்; குழந்தைகளுக்குப் பலரைத் தெரியும். வீட்டுக்கும் குழந்தைக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். யாராவது ஒருவர் அழைத்துப்போகக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை வைத்துப் பெற்ற தாயையோ தந்தையையோ பள்ளியால் தடுக்க முடியாது.

வீட்டில் வாசிக்க உட்காரவைத்தால் சண்டையாகிறது. என்ன செய்வது?

நேரத்தைக் குறையுங்கள், தினமும் செய்யுங்கள். வாரக் கடைசியில் ஒரு மணி நேரத்தைவிடத் தினம் 10 நிமிடம் பலன் தரும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் தனியாக வாசிக்கக் கடினம். அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். சொல்லில் தடுக்கியதும் நீங்கள் பாய்ந்து சொல்லிவிடாதீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுங்கள். அதற்குள் வராவிட்டால் முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொடுங்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். வாக்கியம் முடிந்ததும் "யார் ஓடினது?" என்பது போல ஒரு கேள்வி. எழுத்துக்கூட்டுவதிலேயே மூச்சு முட்டிப்போன குழந்தைக்குக் கதை மறந்திருக்கும்.

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றாலும் பரவாயில்லை. குழந்தை வாசிப்பதைக் கேட்டு, படத்தைக் காட்டி "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். எந்த மொழியில் வீட்டில் பேசுகிறீர்களோ அதிலேயே கேளுங்கள்.

எழுத்தையோ எண்ணையோ கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதுவது 7 வயது வரை சகஜம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள். "கவனம் இல்லை" என்று எழுதி வரும் குழந்தைக்கு முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். புத்தகத்தை மூக்கருகில் கொண்டுபோவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, சளிக்குப் பிறகு "என்ன? என்ன?" என்று கேட்பது, தொலைக்காட்சி ஒலியைக் கூட்டுவது எல்லாம் குறிப்புகள். சளி பிடித்தபின் செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்கிச் சில வாரம் காது மந்தமாக இருப்பது இந்த வயதில் சாதாரணம். வகுப்பின் கடைசி வரிசையில் அது அடங்காத பிள்ளையாகத் தெரியும்.

தூக்கத்தையும் கணக்குப் பாருங்கள். 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை. காலை 6 மணிக்கு எழ வேண்டிய 6 வயதுக் குழந்தை இரவு 8 மணிக்குப் படுத்தால்தான் 10 மணி நேரம் கிடைக்கும்.

இன்னொரு பிள்ளை தினமும் தொந்தரவு செய்கிறான் என்கிறாள். அந்தப் பெற்றோரிடம் நேரடியாகப் பேசலாமா?

வேண்டாம், வாசலில் அந்தப் பிள்ளையை நிறுத்திக் கேட்கவும் வேண்டாம். பெரியவர்கள் மோதிக்கொண்டால் குழந்தைகள் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். முதலில் கேளுங்கள், குறுக்கிடாமல். "அவன் உன்னை அடிச்சானா?" என்று பதிலைக் கேள்வியிலேயே வைக்காதீர்கள், "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பிறகு எழுதுங்கள்: தேதி, இடம், யார் இருந்தார்கள், குழந்தை சொன்ன சொற்கள் அப்படியே. "எப்போதும் அடிக்கிறான்" என்பதைவிட "செவ்வாய், கழிப்பறைக்குப் போகும் வழியில், இரண்டாவது இடைவேளையில்" என்றால் பள்ளி அந்த இடத்தில் அந்த நேரத்தில் ஆள் நிறுத்த முடியும். இந்தக் குறிப்பை வகுப்பாசிரியரிடம் கொடுத்து, எப்போது பதில் கிடைக்கும் என்று ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். அந்த நாள் தாண்டினால் தலைமையாசிரியர்.

பெரியவர் யாரோ தொட்டதாக, மிரட்டியதாகக் குழந்தை சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்று மட்டும் சொல்லி, துருவித் துருவிக் கேட்காமல், அன்றே தலைமையாசிரியரிடமோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ காவல் துறையிடமோ போங்கள்.

வீட்டில் நடப்பதையெல்லாம் பள்ளிக்குச் சொல்ல வேண்டுமா?

எல்லாவற்றையும் அல்ல. தாத்தா இறந்தது, பிரிவு, தம்பி பிறந்தது, வீடு மாறியது, அப்பா வெளியூரில் வேலைக்குப் போனது: குழந்தையின் நாளை மாற்றும் எதையும் ஒரே வரியில் சொல்லுங்கள். "போன வாரம் தாத்தா தவறிவிட்டார்" என்பது போதும். அது தெரிந்தால், குடும்பப் படம் வரையச் சொன்ன பாடத்தில் அழும் குழந்தையை ஆசிரியர் அதட்ட மாட்டார்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நாளை விடுமுறை என்று வந்திருக்கிறது. நம்பலாமா?

பள்ளியின் சொந்தச் செய்தியில் வரும் வரை நம்ப வேண்டாம். பெற்றோர் தாமாக நடத்தும் குழுவைப் பள்ளி கவனிப்பதில்லை. அங்கே கேட்ட கேள்விக்குத் தலைமையாசிரியர் பதில் சொல்லாததும் அதனால்தான். போன ஆண்டின் அறிவிப்பே மறுபடி சுற்றுவதுண்டு. தேதியில் ஆண்டையும் பாருங்கள். மற்ற பிள்ளைகள் இருக்கும் படத்தை அவரவர் பெற்றோரைக் கேட்காமல் பகிர வேண்டாம்.

பெற்றோர் சந்திப்பில் 10 நிமிடம்தான் தருகிறார்கள். எப்படிப் பயன்படுத்துவது?

மதிப்பெண் தாளை அங்கே வாசிக்காதீர்கள், அது வீட்டுக்கு வந்துவிடும். மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள்: எதைத் தானாகச் செய்கிறாள், எங்கே தடுக்குகிறாள், வீட்டில் ஒரே ஒரு காரியம் செய்வதென்றால் எது? யாரோடு விளையாடுகிறாள் என்றும் கேளுங்கள்; இடைவேளையில் தனியாகச் சுவரோரம் நிற்கும் குழந்தையைப் பற்றி மதிப்பெண் தாள் எதுவும் சொல்லாது. பெரிய விஷயம் என்றால் அந்த 10 நிமிடத்தில் தொடங்காமல் தனி நாள் கேளுங்கள்.

கைபேசி எண் மாறிவிட்டது. அடுத்த ஆண்டுப் படிவத்தில் எழுதினால் போதாதா?

இன்றே சொல்லுங்கள். மூன்று எண்கள் கொடுங்கள். மூன்றும் ஒரே வீட்டில், ஒரே அலுவலகத்தில் இருப்பவர்களுடையதாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றாவது அரை மணி நேரத்தில் பள்ளிக்கு வந்துசேரக் கூடியவருடையதாக இருக்கட்டும். தெரியாத எண்ணை எடுக்காத வழக்கம் உங்களுக்கு இருந்தால், பள்ளியின் எண்களையெல்லாம் கைபேசியில் பெயரோடு சேமித்துவிடுங்கள்.